ஓடந்துறையின் காற்றாலை ஓடந்துறையில் இல்லை

மைவாடி மேற்கு:

நேற்று இந்த மன்றத்தின் வேறோர் விவாத இழையில் பவானிக்கரை ஐயா எழுதியதை இங்கே எடுத்துப் போடுகிறேன்: "காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டே இருக்கட்டும். எங்கள் மேட்டுப்பாளையத்துப் பக்கம் ஓடந்துறை ஊராட்சி, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன் ஊரிலேயே காற்றிலிருந்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்கிறது. கொங்கு நாட்டின் மற்ற ஊராட்சிகள் அதைப் பார்த்து வெட்கப்பட வேண்டும்."

வெட்கப்படச் சொன்னதால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் படித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருப்பேன். ஓடந்துறையில் காற்றாலை கிடையாது. காரமடை ஒன்றியத்தில், நீலகிரி அடிவாரத்தில் இருக்கும் அந்த ஊராட்சி 2006ஆம் ஆண்டு வாங்கிய 350 கிலோவாட் காற்றாலை, உடுமலைப்பேட்டைக்குக் கிழக்கே மைவாடியில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே சாலை வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஐயா "தன் ஊரிலேயே" என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் போதும், இந்த இழையை நானே மூடச் சொல்லிவிடுகிறேன்.

பவானிக்கரை:

மூடுவதற்காகவே இழையைத் திறக்கிறவரை இன்றுதான் பார்க்கிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவனுக்கு "ஊரிலேயே" என்ற சொல்லின் பொருளைத் தாங்கள் பாடம் நடத்த வேண்டியதில்லை. என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவன் அனுப்பும் பணம் எங்கள் வீட்டு வருமானமா, பெங்களூரின் வருமானமா?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1996இல் தலைவராக வந்த சண்முகம் 2006 வரை பத்தாண்டுகள் அந்த ஊராட்சியின் பொறுப்பில் இருந்தார். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டுகிற மின்கட்டணமே ஊராட்சியின் வருமானத்தைத் தின்று தீர்க்கிறது என்று கண்டு, முதலில் மரக்கழிவை எரிவாயுவாக்கி அதில் குடிநீர் மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் காற்றாலைக்குப் போனார்கள். விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, மீதி 1.15 கோடி வங்கிக் கடன். ஓர் ஊராட்சி தன் வரிப்பணத்தைச் சேர்த்துவைத்து, வங்கியின் படியேறிக் கடன் கேட்டு, காற்றாலை ஒன்றுக்கு உடைமையாளர் ஆனது இந்தியாவில் அதற்கு முன் நடந்ததில்லை. உலக வங்கியிலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் எவரும் அண்ணாந்து பார்த்து "காற்றாடி எங்கே?" என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

மைவாடி மேற்கு:

அண்ணாந்து பார்த்திருந்தால் நீலகிரி மலைதான் தெரிந்திருக்கும், ஐயா. அதில்தான் விஷயமே இருக்கிறது.

பாலக்காட்டுக் கணவாய் என்று ஒன்று இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகச் சுவர்போல் நின்று, பாலக்காட்டுக்கும் கோவைக்கும் நடுவே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்திருக்கிறது. கேரளத்தில் தென்மேற்குப் பருவம் இறங்கியதும் அந்த வாய் வழியாகத்தான் காற்று பீறிட்டுக்கொண்டு வந்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை மேட்டாங்காட்டை வாரிக்கொண்டு போகிறது. வைகாசிக் கடைசியில் தொடங்கினால் புரட்டாசி வரை நிற்காது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம், எங்கள் பக்கம் அது வெறும் பழமொழி அன்று. ஓடந்துறையோ மலையின் மடியில் ஒதுங்கியிருக்கும் ஊர். அங்கே காற்றாலையை நிறுத்தினால் காக்கை உட்காரத்தான் பயன்படும்.

என் தோட்டத்து வேலியை ஒட்டி ஒரு பழைய காற்றாலை நிற்கிறது. யாருடையது என்பது இங்கே தேவையில்லை. சித்திரை வெயிலில் எங்கள் மாடுகள் அதன் கம்பத்து நிழலில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிப் படுத்திருக்கும். நிழலின் அகலம் ஒரு மாட்டுக்குத்தான் போதும். பொழுது சாயச் சாய நிழல் நகரும். மாடுகளும் எழுந்து நகர்ந்து, மறுபடி அதே வரிசையில் படுக்கும். பல்சக்கரப் பெட்டியிலிருந்து கசிந்த எண்ணெய் வெள்ளை இறக்கையில் கறுப்புக் கோடாக வழிந்து காய்ந்திருக்கும். இரவில் அதன் ஓசையில்தான் தூங்குகிறோம். எங்கள் நிலம், எங்கள் காற்று, எங்கள் தூக்கம். இத்தனையையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற எங்களை "வெட்கப்படு" என்றால் எப்படி? காற்றாலை மைவாடியில் நிற்கிறது.

பின்னலாடை:

இதில் என்ன புதுமை என்று விளங்கவில்லை. கோவை நூற்பாலைகளும் எங்கள் திருப்பூர் நிறுவனங்களும் தொண்ணூறுகளிலிருந்தே உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலை நிறுத்தி, அங்கே ஓடிய யூனிட்டை இங்கே ஆலையின் கணக்கில் கழித்துக்கொள்கின்றன. ஆலைக்காரர் செய்தால் வரிச்சலுகைக்காகச் செய்தார் என்கிறீர்கள், ஊராட்சி செய்தால் புவியைக் காத்தது என்கிறீர்கள். அதே கம்பி, அதே காற்று, அதே வாரியம். வெளிநாட்டு வாடிக்கையாளர் எங்களிடம் ஒரு சட்டைக்கு எத்தனை கிலோ கரியமில வாயு என்று கணக்குக் கேட்கிறார். நாங்கள் காற்றாலைச் சான்றைக் காட்டுகிறோம், அவரும் ஏற்றுக்கொள்கிறார். அது பல்லடத்தில் நிற்கிறதா பாரீசில் நிற்கிறதா என்று அவர் கேட்டதே இல்லை.

மைவாடி மேற்கு:

அவர் கேட்கமாட்டார். அவருக்கு உடுமலையும் தெரியாது, ஓடந்துறையும் தெரியாது. இங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அதோடு, நொய்யலில் சாயத்தை விட்டு ஒரத்துப்பாளையம் அணையைக் கழிவுத் தொட்டியாக்கி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்கிற வரைக்கும் அசையாமல் இருந்த ஊரிலிருந்து ஒருவர் வந்து சட்டைக்குக் கிலோக்கணக்குப் பேசுவதைக் கேட்க எனக்கு இனிமையாகத்தான் இருக்கிறது.

பின்னலாடை:

நான் சாய ஆலை நடத்தவில்லை, தையல் பிரிவு வைத்திருக்கிறேன். ஊரின் பெயரைப் பார்த்ததும் சாயத்தை எடுத்து வீசுவது தங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற விதியில் சாய ஆலைகள் ஓடுகின்றன. அதற்கான சுத்திகரிப்புச் செலவு எங்கள் ஒவ்வொரு துணியின் விலையிலும் ஏறியிருக்கிறது. 2015இலிருந்து "வனத்துக்குள் திருப்பூர்" என்று ஆண்டுதோறும் மரம் நட்டுவருவதும் இதே ஊர்தான். அதைத் தாங்கள் எண்ணிப் பார்க்கப்போவதில்லை.

குளத்துக்கரை:

ஒரு சிறு வேண்டுகோள். எல்லாரும் "தன்னிறைவு" என்ற பொருளில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் அது எது என்று யாரும் சொல்லவில்லை. ஊரில் எரியும் விளக்கு ஊரின் காற்றாலையிலிருந்து நேரே வர வேண்டுமா? ஆண்டுக் கணக்கில் உற்பத்தியும் செலவும் சரிக்குச் சரியானால் போதுமா? அல்லது பணத்தில் சரியானால் போதுமா? இந்த மூன்றில் எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

என் பார்வையில், காலநிலையைப் பொறுத்தவரை காற்றாலை எங்கே நின்றாலும் ஒன்றுதான். அந்தக் காற்றாலை ஆண்டுக்கு 6.75 லட்சம் யூனிட் தருகிறது என்று செய்திகளில் வந்திருக்கிறது. மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் கணக்குப்படி, நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 முதல் 0.8 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 500 டன். நிலக்கரியை எரித்து வந்திருக்க வேண்டிய அந்த 500 டன் வாயுவுக்கு ஒன்றிய எல்லையோ மாவட்ட எல்லையோ தெரியாது.

மைவாடி மேற்கு:

வாயுவுக்கு எல்லை தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுதுகிற மனிதருக்குத் தெரிய வேண்டும். "தன் ஊரிலேயே" என்று எழுதியது வாயு இல்லையே, ஐயாதானே.

எண்ணைத் தொட்டுவிட்டீர்கள், ஆகவே நானும் தொடுகிறேன். செய்திகளில் மூன்று எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. உற்பத்தி ஆண்டுக்கு 6.75 லட்சம் யூனிட், ஊரின் தேவை 4.5 லட்சம் யூனிட், மிச்சத்தை விற்று வரும் வருமானம் 19 லட்சம் ரூபாய். முதல் எண் சரியாக இருக்கலாம். 350 கிலோவாட் இயந்திரம் ஆண்டு முழுவதும் முழு வேகத்தில் சுற்றினால் 30.66 லட்சம் யூனிட் தர வேண்டும். அதில் 22 சதவீதம் என்பது எங்கள் பக்கத்துக் காற்றுக்குப் பொருந்துகிற அளவுதான். ஆனால் மிச்சம் எவ்வளவு? 2.25 லட்சம் யூனிட். அதை விற்று 19 லட்சம் வந்தது என்றால், யூனிட் 8 ரூபாய் 44 காசுக்குப் போயிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் காற்றாலை மின்சாரத்துக்கு வாரியம் மூன்று ரூபாய்கூடக் கொடுத்ததில்லை என்று எங்கள் பக்கம் கடலை வறுக்கிறவருக்கும் தெரியும். இப்போது அதே 19 லட்சத்தை முழு 6.75 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். 2 ரூபாய் 81 காசு வருகிறது. பூட்டும் சாவியும் பொருந்துவதுபோல் பொருந்துகிறது.

ஆகவே என் கணக்கு இதுதான்: மின்சாரம் மொத்தமும் வாரியத்துக்கு விற்கப்பட்டு, பணமாக ஊராட்சிக்கு வந்திருக்கிறது. ஊரின் விளக்கு எல்லா ஊர் விளக்கையும்போல வாரியத்தின் பொது மின்சாரத்தில் எரிகிறது. அது நல்ல வருமானம், நல்ல நிர்வாகம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "தன் ஊரிலேயே எடுத்துக்கொண்டு மிச்சத்தை விற்கிறது" என்பது அன்று. எடுத்துக்கொள்ளவும் இல்லை, மிச்சமும் இல்லை, ஊரிலும் இல்லை.

பவானிக்கரை:

வகுத்தல் கணக்கைப் போட்டுவிட்டு வரலாற்றை எழுதிவிட்டதாக நினைக்கிறார். விற்ற பணம், மிச்சமான கட்டணம் என்று இரண்டையும் கூட்டித்தான் ஊரில் வருமானம் என்று சொல்லுவார்கள். கட்டாமல் தப்பிய கட்டணமும் வருமானம்தான். குடும்பம் நடத்துகிற பெண்பிள்ளைகளைக் கேட்டால் சொல்லுவார்கள். அதுவும் போகட்டும். பணமாக வந்தால் குறைந்துபோயிற்றா? வங்கிக் கடனை அந்த வருமானத்திலிருந்துதானே அடைத்தார்கள்?

இடத்தைப் பற்றி இத்தனை கூர்மையாகப் பேசுகிற நண்பரிடம் ஒன்று கேட்கிறேன். உடுமலைத் தென்னந்தோப்புகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பரம்பிக்குளத்தில் பெய்த மழையை மலையைக் குடைந்து, கால்வாய் வெட்டி, திருமூர்த்தி அணைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். பரம்பிக்குளம் எந்த மாநிலத்து மண்ணில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரில் காய்த்த இளநீரை "உடுமலை இளநீர்" என்று பலகை எழுதி விற்கும்போது, எந்த உடுமலைக்காரரும் எழுந்து நின்று "தண்ணீர் இந்த ஊரிலேயே இல்லை" என்று சொன்னதாகத் தெரியவில்லை. திருப்பூர்க்காரர்கள் குடிப்பதும் எங்கள் பவானித் தண்ணீர்தான். கோவைக்கும் பில்லூரிலிருந்து போகிறது. எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, அடுத்த ஊரில் ஒரு கம்பம் நட்டுக்கொண்டால் குற்றமாகிவிடுகிறது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு நண்பர் பட்டா வைத்திருக்கிறாரா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மைவாடி மேற்கு:

என் தோட்டம் கிணற்றுப் பாசனம். பரம்பிக்குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டும் எனக்கு வந்ததில்லை. 2016இல் வடகிழக்குப் பருவம் பொய்த்து, அடுத்த கோடையில் தென்னை தலை கவிழ்ந்து நின்றபோது, லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றித்தான் பாதியைக் காப்பாற்றினேன். ஆகவே அந்தக் கேள்வியை வாய்க்கால் பாசனக்காரரிடம் கேளுங்கள். என் கேள்வி மாறவில்லை. காற்றாலை எங்கே நிற்கிறது?

கடைமடை ஈரோடு:

தண்ணீரை இழுத்துவிட்டீர்கள், ஆகவே காளிங்கராயன் வாய்க்காலின் கடைமடையிலிருந்து நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன். பவானித் தண்ணீரை எல்லாருக்கும் கொடுத்ததாக மேட்டுப்பாளையத்து ஐயா பெருமைப்படுகிறார். 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைத்த அத்திக்கடவு – அவிநாசித் திட்டத்தில், காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து ஆண்டுக்கு 1.5 டிஎம்சி தண்ணீரை எடுத்து, ஆறு இடங்களில் மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றி, 1,045 குளம் குட்டைகளை நிரப்புகிறார்கள். செலவு 1,916 கோடி ரூபாய். "உபரி நீர்" என்று பெயர். உபரி என்றால் என்ன என்று ஆற்றின் கீழே இருக்கிறவனிடம் கேட்டுவிட்டா பெயர் வைத்தார்கள்? எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் காளிங்கராயன் வாய்க்கால் வெட்டியபோது மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. பாம்பு நெளிவதுபோல் வளைத்து வெட்டி, தண்ணீரைத் தானாக நடக்க வைத்தார். காலநிலைக்கு ஏற்ற வேலை என்றால் அதைச் சொல்லுங்கள்.

பின்னலாடை:

ஐம்பது, அறுபது ஆண்டுகளாக அவிநாசி, அன்னூர்ப் பக்கம் ஆயிரம் அடிக்குமேல் ஆழ்துளை போட்டுப் புகையைப் பார்த்துவிட்டு வந்த குடும்பங்கள், உண்ணாவிரதம் இருந்து வாங்கிய திட்டம் அது. கடைமடைக்காரர் வாய்க்காலைத் திறந்துவைத்துக்கொண்டு மஞ்சளும் வாழையும் வெள்ளாமை செய்துவிட்டு, மேட்டாங்காட்டுக் குட்டைக்கு நாலு நாள் தண்ணீர் போனால் உபரி என்பதற்கு அகராதி தேடுகிறார். ஆற்று வெள்ளம் கடலுக்குப் போனால் சம்மதம், அன்னூருக்குப் போனால் வயிறு எரிகிறது.

கடைமடை ஈரோடு:

வயிறு எரியவில்லை. மோட்டாருக்கு எரிகிற மின்சாரத்தைப் பற்றித்தான் கேட்டேன். அதற்கு எத்தனை மைவாடிக் காற்றாலை வேண்டும் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா?

மைவாடி மேற்கு:

மைவாடிக் காற்றாலை என்று முதன்முறையாக ஒருவர் சரியாக எழுதியிருக்கிறார். நன்றி.

பவானிக்கரை:

ஓடந்துறைக் காற்றாலை.

மட்டுறுத்துநர்:

காற்றாலையின் இருப்பிடம் பற்றிப் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது. காலநிலை மாற்றத்தில் உள்ளாட்சிகளின் பங்கு என்ற தலைப்புக்குத் திரும்புமாறு கேட்டுக்கொள்கிறேன். ஊர்ப்பெயரைச் சொல்லி இழிவுபடுத்தும் பதிவுகள் நீக்கப்படும்.

அன்னூர் மேடு:

2019 டிசம்பர் தேர்தலில் வென்று 2025 ஜனவரி வரை ஓர் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவள் நான். ஊரின் பெயர் வேண்டாம். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஓடந்துறைக்கு முடிந்தது ஏன் மற்றவர்களுக்கு முடியவில்லை என்று வெட்கப்படச் சொன்னவரும் சொல்லவில்லை, வெட்கப்பட மறுத்தவரும் சொல்லவில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கென்று 29 பொருள்கள் இருக்கின்றன. அதில் பதினைந்தாவது, மரபுசாரா எரிசக்தி. காகிதத்தில் அதிகாரம் இருக்கிறது. கையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஓடந்துறையில் 40 லட்சம் சேர்ந்தது பத்தாண்டுகள் ஒரே கை நிர்வாகம் செய்ததால். எங்களுக்கு 2016இலிருந்து 2019 கடைசி வரை தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நாங்கள் வந்து, கணக்குப் புத்தகத்தைப் புரிந்துகொண்டு, எந்த மோட்டாருக்கு எவ்வளவு மின்கட்டணம் என்று பிரித்துப் பார்க்கப் பழகியபோது பதவிக்காலம் முடிந்துவிட்டது. கோவை உட்பட 28 மாவட்டங்களில் மறுபடியும் தனி அலுவலர் வந்தார். பதினைந்து ஆண்டு ஓடி உழைத்தால்தான் பலன் தருகிற ஒரு பொருளை, அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவர்கள் எப்படி வாங்குவார்கள்?

கிராம சபையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. தீர்மானங்கள் மேலிருந்து அச்சாகி வரும். ஒரு காந்தி ஜெயந்தி அன்று, பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் செயலர் அதை மூச்சுவிடாமல் படித்தார். நெகிழி ஒழிப்பு, மழைநீர்ச் சேகரிப்பு, மரம் நடுதல், காலநிலை மாற்ற விழிப்புணர்வு என்று ஒன்றன்பின் ஒன்றாக. முன்வரிசையில் நூறு நாள் வேலைக்குப் போகிற அமுச்சி (பாட்டி) ஒருவர் உட்கார்ந்திருந்தார். "காலநிலை மாற்றம்னா என்னங் கண்ணு?" என்று என்னைக் கேட்டார். வெயில் கூடிப்போவது, மழை காலம் தவறிப் பெய்வது என்று சொன்னேன். "அதைத்தான் காட்டுல நின்னு பார்த்துக்கிட்டு இருக்கறமே, அதுக்கு எதுக்குக் கையெழுத்து?" என்றார். பிறகு கையெழுத்தும் போட்டார். போடாவிட்டால் அன்றைய வருகை கணக்கில் வராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கியபோது மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். எங்களுக்கும் கன்று வந்தது. நட இடம் காட்டச் சொன்னார்கள். புறம்போக்கு எது என்று அளந்து காட்டத்தான் ஆளில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்துக்கும் சுடுகாட்டுக்கும் பிரித்துக் கொடுத்தோம். தண்ணீர் ஊற்ற ஆள் வைக்க நிதியில் வழியில்லை என்றார்கள். சுடுகாட்டில் நட்டது மட்டும் பிழைத்தது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொட்டுநீர்க் குழாயை ஒரு முழம் நீட்டிவிட்டதால். இதைப் பற்றி யாராவது பேசுங்கள்.

மைவாடி மேற்கு:

அம்மணி எழுதியது அருமையாக இருக்கிறது. ஆனால் அவரும் ஒன்றைச் சொல்லாமல் சொல்லிவிட்டார், "எவ்வளவு மின்கட்டணம் என்று பிரித்துப் பார்த்தோம்" என்று. ஓடந்துறையும் மின்கட்டணம் கட்டுகிற ஊராட்சிதான். கட்டணம் யாருக்குக் கட்டுகிறார்கள்? வாரியத்துக்கு. மின்சாரம் எங்கிருந்து வருகிறது? வாரியத்திலிருந்து. காற்றாலை எங்கே நிற்கிறது?

குளத்துக்கரை:

நான் இரண்டாம் முறையாகக் கேட்கிறேன், தன்னிறைவு என்று எதைச் சொல்கிறோம்? மைவாடி நண்பர் எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கிறவர், இதையும் எண்ணிச் சொல்லலாமே.

மைவாடி மேற்கு:

எண்ணுவதைப் பற்றி யார் பேசுவது? போன புரட்டாசியில் பனை விதை இழையில், ஒரு குளத்தின் கரை நெடுக விதை ஊன்றிவிட்டோம், இனி வெள்ளமும் வறட்சியும் நம்மை ஒன்றும் செய்யாது என்று படம் போட்டீர்கள். தை மாதம் அந்த வழியாக வந்தபோது இறங்கிப் போய்ப் பார்த்தேன். பாதிக் குழியைக் காட்டுப்பன்றி கிளறிக் கிழங்கைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. மீதிக் குழி இருந்த கரையைத் தூர்வாரும் பொக்லைன் வழித்துச் சாலைக்கு மண் போட்டிருந்தது. நீங்கள் போட்ட படம் மட்டும் இன்னும் பசுமையாக இருக்கிறது.

குளத்துக்கரை:

அன்றே அந்த இழையில் நான் பதில் சொன்னேன், நீங்கள் படிக்கவில்லை. பொக்லைன் வந்தது எங்கள் கோரிக்கையால் அன்று. வேறொரு துறையின் வேலை, எங்களுக்குச் சொல்லாமலே நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சேற்றில் இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்துப் போடுகிறவர்கள் படம் போடக் கூடாது, தோட்டத்துத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணுகிறவர்கள் மட்டும் எழுதலாம் என்று விதி இருந்தால் மட்டுறுத்துநர் அறிவிக்கட்டும்.

நண்பர் இடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதால் கேட்கிறேன். கோவை மாநகரின் குப்பை வெள்ளலூரில் கொட்டப்படுகிறது. 2024 ஏப்ரலில் அது பற்றி எரிந்தபோது, "வெள்ளலூர்க் குப்பை எரிகிறது" என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். குப்பை கோவையுடையது, புகை வெள்ளலூருக்கு. காற்றாலைக்கு ஒரு நியாயம், குப்பைக்கு ஒரு நியாயமா?

மைவாடி மேற்கு:

என் பக்கத்து வாதத்தை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். குப்பை வெள்ளலூரில் கிடப்பதால் வெள்ளலூர்க் குப்பை. காற்றாலை மைவாடியில் நிற்பதால் மைவாடிக் காற்றாலை.

பவானிக்கரை:

அப்படியானால் குப்பையை உண்டாக்கியவருக்குப் பொறுப்பு இல்லை, காற்றாலைக்குப் பணம் போட்டவருக்குப் பெருமை இல்லை என்றாகிறது. நண்பருடைய நீதிநூலை அச்சிட்டு விற்கலாம். ஓடந்துறையைப் பார்த்து ஒரே ஓர் ஊராட்சி 1.15 கோடி கடன் வாங்கத் துணிந்திருந்தால் நான் இந்த வாதத்துக்கே வந்திருக்கமாட்டேன். 2006இல் நிறுத்திய இயந்திரத்துக்கு இருபதாண்டு ஆகிறது. பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க 2024இல் அரசு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அடுத்து என்ன செய்யலாம் என்று பேசவேண்டிய நேரத்தில், கம்பம் எந்த ஊரில் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அதுவும், நூறு கிலோமீட்டருக்கு மேல் என்கிறார். நான் பொள்ளாச்சி வழியாகப் போயிருக்கிறேன், அவ்வளவு தொலைவு இல்லை.

பின்னலாடை:

மேட்டுப்பாளையத்திலிருந்து பொள்ளாச்சி வழியாக எதற்குப் போகிறீர்கள்? அவிநாசி, திருப்பூர், பல்லடம் வழியாக உடுமலை போனால் நெரிசல் குறைவு.

மைவாடி மேற்கு:

எந்த வழியாகப் போனாலும் நூறுக்கு மேல்தான். கோவைக்குள் நுழைந்து வெளியே வருகிற தூரத்தை ஐயா கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் பாருங்கள், அங்கே போவதற்கு வழி எது என்று பேசுகிறபோதே, அது ஓடந்துறையில் இல்லை என்று ஒப்புக்கொண்டாயிற்று.

பவானிக்கரை:

நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வழிதான் சொன்னேன்.

மைவாடி மேற்கு:

வாருங்கள், ஆடிக் காற்றில் வாருங்கள். உடுமலையில் இறங்கித் தொலைபேசியில் அழையுங்கள், நானே வண்டியில் அழைத்துப்போய்க் காட்டுகிறேன். துண்டை மட்டும் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

கடைமடை ஈரோடு:

அத்திக்கடவு மோட்டார்களின் மின்சாரக் கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தேன். அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.